‘செய்திருக்க வேண்டும்’: ஆங்கிலத் துணைவினைகளும் அறப்பொறுப்பும்

முன்னுரை

நடந்து முடிந்ததை மாற்ற எவராலும் இயலாது. ஆயினும் நடந்ததைப் பற்றிய பேச்சில் நடவாதவையே பெரிதும் இடம்பெறுகின்றன. ‘செய்திருக்க வேண்டும்’, ‘செய்திருக்கலாம்’, ‘செய்திருக்க முடியும்’, ‘செய்திருக்க வேண்டியதில்லை’ ஆகிய தொடர்கள் நிகழாத ஒன்றை இறந்தகாலத்தில் நிறுத்திப் பேச வல்லவை. பழித்தல், மன்னித்தல், இரங்குதல், தீர்ப்பு வழங்குதல் ஆகிய அறச்செயல்கள் இத்தகைய தொடர்களின் துணையின்றி மொழியில் உருப்பெறுதல் அரிது.

ஆங்கிலத்தில் இப்பணியைச் செய்வன ‘ஷுட்’, ‘ஆட் டு’, ‘குட்’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘நீடண்ட்’ முதலிய துணைவினைகளோடு ‘ஹேவ்’ சேர்ந்து அமையும் கூட்டு வடிவங்கள் ஆகும். ஒரு செயலின் நிகழ்வை மட்டும் கூறாமல் அதன் கடப்பாடு, இயலுமை, வாய்ப்பு, உறுதி ஆகியவற்றைக் குறிப்பதால் இவற்றைப் பாங்குத் துணைவினைகள் எனலாம். ஆங்கிலம் கற்போர்க்கு இவை உயர்நிலைப் பாடமாக அமைகின்றன. பெரும்பாலும் வாய்பாடாகக் கற்பிக்கப்படும் இவ்வடிவங்களுக்குள் ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. ஒருவரால் செய்து முடித்திருக்க இயலாத ஒன்றை நோக்கி அவர் முயன்றிருக்க வேண்டும் என்று கூறுதல் தகுமா என்பதே அவ்வினா.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவில் அதற்கு அண்மையில் நின்றிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலைப் பற்றி 1912 ஆம் ஆண்டிலும் 1992 ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. ஒரே நிகழ்வைப் பற்றிய அவ்விரு தீர்ப்புகளும் வெவ்வேறு துணைவினைகளின் மீது நிற்கின்றன. அவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதும், இவ்வேறுபாடுகளைத் தமிழில் உணர்த்துவதில் எழும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

துணைவினைகளின் வேர்ப்பொருள்

ஆங்கிலத்தில் கடப்பாட்டைக் குறிக்கும் சொற்கள் கடன் என்னும் கருத்திலிருந்து வளர்ந்தவை. ‘ஆட்’ என்பது, கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் ‘ஓ’ என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவம். ‘ஷுட்’ என்பது ‘ஷல்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘ஷல்’ என்பதன் முற்காலப் பொருளும் கடன்பட்டிருத்தலே. அதனோடு வேர்த்தொடர்புடைய ‘ஷுல்ட்’ என்னும் ஜெர்மானியச் சொல் இன்றும் கடன், குற்றம் ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தருகின்றது. இயலுமையைக் குறிக்கும் ‘கேன்’ என்பது முற்காலத்தில் அறிதலைக் குறித்தது. ‘மே’ என்பது வலிமை உடைமையைக் குறித்தது.

‘ஷுட்’, ‘ஆட்’, ‘மைட்’, ‘குட்’, ‘மஸ்ட்’ ஆகியவை வரலாற்று நோக்கில் இறந்தகால வடிவங்கள். காலப்போக்கில் இவை பெரும்பாலும் தம் காலப்பொருளை இழந்து, நிகழ்காலக் கடப்பாட்டையும் வாய்ப்பையும் உணர்த்தத் தொடங்கின. எனவே கடந்துபோன ஒன்றைப் பற்றிக் கடப்பாடோ வாய்ப்போ கூறுவதற்கு ‘ஹேவ்’ என்னும் மற்றொரு துணை தேவைப்பட்டது. கூட்டு வடிவங்கள் தோன்றிய காரணம் இதுவே.

தமிழிலும் கடன் என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கின்றது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்கு உரிய பணிகளைப் புறநானூற்றின் 312 ஆம் பாடல் கடன் என்னும் சொல்லாலேயே வகுத்துரைக்கின்றது. எனினும் இன்றைய தமிழில் கடப்பாட்டைப் பெரிதும் உணர்த்தும் ‘வேண்டும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் வேண்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. இயலுமையைக் குறிக்கும் ‘முடியும்’ என்பதோ நிறைவுறுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ‘முடியும்’ என்னும் சொல்லில் முயற்சியும் அதன் நிறைவும் பிரிவின்றி நிற்கின்றன. பின்னர் ஆராயப்படும் வினாவுக்கு இது முதன்மையான செய்தியாகும்.

ஓரிரவும் இரண்டு அறிக்கைகளும்

1912 ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு முற்றிலும் மூழ்கியது. ஏறத்தாழ 1500 பேர் உயிரிழந்தனர்.

அவ்விரவில் கலிபோர்னியன் கப்பல் பனித்திரள் காரணமாக இயந்திரத்தை நிறுத்தி அசையாது நின்றிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்தியை இயக்குபவர் ஒருவரே இருந்தார். அவர் 11.30 மணி அளவில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். நள்ளிரவுக்குப் பின் காவற்பணியில் இருந்த இரண்டாம் அதிகாரியும் பயிற்சி மாலுமி ஒருவரும் தொலைவில் வெண்ணிற வாணங்கள் எழுவதைக் கண்டனர். மொத்தம் எட்டு வாணங்கள் காணப்பட்டன. வரைபட அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த தலைவர் ஸ்டான்லி லார்டுக்குப் பேச்சுக்குழாய் வழியாகச் செய்தி தெரிவிக்கப்பட்டது. அவை கப்பல் நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்தும் அடையாள வாணங்களா என்று அவர் வினவினார். விளக்கொளியால் தொடர்ந்து மோர்ஸ் குறிப்பு அனுப்புமாறு பணித்தார். தந்தியாளரை எவரும் எழுப்பவில்லை. 2 மணி அளவில் அக்கப்பலின் ஒளி மறைந்தது. அது வேறு திசையில் சென்றுவிட்டது என்று காவலதிகாரி முடிவு செய்தார். அதிகாலை 5.30 மணி அளவில் தந்தியாளர் எழுப்பப்பட்ட பின்னரே நடந்தது தெரியவந்தது.

மெர்சி பிரபு தலைமையிலான பிரித்தானிய விசாரணையின் அறிக்கை 1912 ஜூலையில் வெளிவந்தது. இரு கப்பல்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எட்டு முதல் பத்து மைல்களுக்கு மேற்படாது என்று அது கருதியது. வாணங்களை முதலில் கண்டபோதே கலிபோர்னியன் பெரிய இடரின்றிப் பனியைக் கடந்து உதவிக்குச் சென்றிருக்கலாம் என்றும், அவ்வாறு சென்றிருப்பின் இறந்தோருள் பலரையோ அனைவரையுமோ காப்பாற்றியிருக்கலாம் என்றும் அது கூறியது. ஆங்கில மூலத்தில் முதலிடத்தில் நிற்பது ‘குட்’ என்னும் துணைவினை; இரண்டாமிடத்தில் நிற்பது ‘மைட்’. கடமையைக் குறிக்கும் ‘ஷுட்’ அங்கு வரவில்லை. ஆயினும் அவ்வாக்கியங்களை உலகம் கடுமையான குற்றச்சாட்டாகவே படித்தது. சாட்சியாக மட்டுமே அழைக்கப்பட்ட தலைவர் மீது முறையான குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. எனினும் அவர் தம் பணியை இழந்தார். 1962 இல் மறையும்வரை அப்பழியை அவர் ஏற்கவில்லை.

1985 இல் டைட்டானிக்கின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அது அபாய அழைப்பில் அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 13 மைல் விலகிக் கிடந்தது. இதனால் தொலைவுக் கணக்கு மீண்டும் ஆராயப்பட வேண்டியதாயிற்று. பிரித்தானியக் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 1992 இல் மறு ஆய்வறிக்கை வெளியிட்டது. தொலைவு குறித்து அதன் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் ஐந்து முதல் ஏழு மைல் என்றார். இறுதி முடிவை எழுதியவர் பதினேழு முதல் இருபது மைல் வரை இருக்கலாம் என்று கருதினார். அம்முடிவின்படி கலிபோர்னியன் உடனே புறப்பட்டிருந்தாலும் டைட்டானிக் மூழ்கிய பின்னரே சென்று சேர்ந்திருக்கும். தலைவரின் எந்த நடவடிக்கையும் அப்பேரழிவின் விளைவை மாற்றியிருக்க இயலாது. எனினும், முயற்சி மேற்கொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்பதை இது மாற்றிவிடாது என்றும் அவ்வறிக்கை அழுத்தமாகக் கூறியது.

1912 ஆம் ஆண்டின் தீர்ப்பு இயலுமையிலிருந்து பழியைப் பெற்றது. காப்பாற்றியிருக்கலாம், ஆகவே குற்றம் என்பது அதன் உள்ளுறை. 1992 ஆம் ஆண்டின் தீர்ப்பு இயலுமையை மறுத்த பின்னும் கடமையை நிலைநிறுத்தியது. காப்பாற்றியிருக்க இயலாது, எனினும் முயன்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விரண்டாவது தீர்ப்பு தனக்குத்தானே முரண்படுகிறதா என்பதே ஈண்டு எழும் அறவியல் வினா.

இயலாததற்குக் கடமை உண்டா

கடமை உண்டு எனில் இயலுமையும் உண்டு என்பது மேலை அறவியலில் நன்கு வேரூன்றிய கொள்கை. இது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. இக்கொள்கையின் நியாயம் வெளிப்படையானது. நீந்தத் தெரியாதவர் ஆழ்கடலில் குதித்துப் பிறரை மீட்டிருக்க வேண்டும் என்று எவரும் கூறார். இயலாமை நிறுவப்பட்டால் கடமை நீங்கிவிடும். இக்கொள்கையை அப்படியே பொருத்தினால், காப்பாற்ற இயலாது என்று 1992 இல் காட்டப்பட்டவுடன் கலிபோர்னியன் தலைவர் மீதான பழியும் நீங்கியிருக்க வேண்டும்.

இம்முடிவை ஏற்குமுன் ‘இயலும்’ என்பது எந்த வினையோடு சேர்ந்து வருகிறது என்று நோக்குதல் வேண்டும். துணைவினை தனித்து நிற்பதன்று. ஒரு முதன்மை வினையைச் சார்ந்தே அது பொருள் தரும். அன்றிரவு தொடர்பாக மூன்று வினைகள் உள்ளன: தந்தியாளரை எழுப்புதல், கப்பலைச் செலுத்துதல், உயிர்களைக் காப்பாற்றுதல். எழுப்பியிருக்க இயலுமா என்று கேட்டால், ஐயமின்றி இயலும் என்பதே விடை. அவர் அதே கப்பலில் உறங்கிக்கொண்டிருந்தார். புறப்பட்டிருக்க இயலுமா என்று கேட்டால், பனியின் இடரைக் கருத்திற்கொண்டு இயலும் என்றே கூற வேண்டும். விடிந்த பின் அக்கப்பல் பனியினூடே புறப்படவே செய்தது. காப்பாற்றியிருக்க இயலுமா என்பதற்கே 1992 ஆம் ஆண்டின் அறிக்கை இயலாது என்கிறது. மூன்றாம் வினைக்குரிய ‘இயலாது’ என்பதை முதலிரண்டு வினைகளுக்கும் நீட்டுவது இலக்கணப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும்.

ஆக்ஸ்போர்டு அறிஞர் எச். ஏ. பிரிச்சர்டு 1932 இல் ஆற்றிய உரையில், ஒருவரின் கடமை ஒரு விளைவை உண்டாக்குவதன்று, அதனை உண்டாக்க முற்படுவதே என்று வாதிட்டார். விளைவு பல புறக்காரணங்களைச் சார்ந்தது. முற்படுதலோ முற்படுபவரின் கையில் உள்ளது. இவ்வாறு கொண்டால் கடமைக்கும் இயலுமைக்கும் உள்ள தொடர்பு அறுபடுவதில்லை. கடமை முயற்சியைப் பற்றியது. முயற்சி இயலுவதாகவே இருந்தது. எனவே 1992 ஆம் ஆண்டின் தீர்ப்பில் முரண்பாடு இல்லை.

‘குட் ஹேவ்’ பற்றிய தத்துவ விவாதம்

மேற்கண்ட வேறுபாடு தத்துவ அறிஞர்களின் இலக்கண விவாதத்தாலும் துலக்கம் பெறுகின்றது. ஜி. இ. மூர், டைட்டானிக் மூழ்கிய அதே 1912 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறவியல் நூலில், ‘செய்திருக்க முடியும்’ என்பதற்கு ‘அவர் தேர்ந்திருந்தால் செய்திருப்பார்’ என்று பொருள் கொள்ள இடமுண்டு என்றார். ‘குட் ஹேவ்’ என்பதற்குள் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது என்பது அவர் கருத்து.

1956 இல் ஜே. எல். ஆஸ்டின் இக்கருத்தைக் கூர்ந்து மறுத்தார். கோல்ஃப் ஆட்டத்தில் மிக அண்மையில் உள்ள குழிக்குள் பந்தை இடத் தவறிய ஆட்டக்காரர், தம்மால் இட்டிருக்க முடியும் என்று தம்மையே நொந்துகொள்கிறார். முயன்றிருந்தால் இட்டிருப்பேன் என்பது அவர் கூற்றின் பொருளன்று. அவர் முயன்றார், தவறினார். அதே நிலையில் அதே செயலுக்கான திறன் தம்மிடம் இருந்தது என்பதே அவர் கூறுவது. ‘குட் ஹேவ்’ என்பது சில இடங்களில் இருந்த திறனையும், சில இடங்களில் நிபந்தனைக்குட்பட்ட வாய்ப்பையும் குறிக்கும் இருமை உடையது என்பதை ஆஸ்டின் சுட்டிக்காட்டினார். திறன் வேறு, வெற்றி வேறு என்பது இதனால் பெறப்படும்.

ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே மற்றோர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளார். உறங்கும்போது ஓர் அறைக்குள் கொண்டுவந்து பூட்டப்பட்ட ஒருவர், விழித்தபின் அங்கே தாம் காண விரும்பிய நண்பர் இருப்பதைக் கண்டு, வெளியேறும் எண்ணமின்றி மகிழ்ந்து பேசியிருக்கிறார். கதவு பூட்டப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது. அவரால் வெளியேற இயலாது. ஆயினும் அவர் அங்கே தங்கியது தம் விருப்பத்தால்தான். 1969 இல் ஹாரி ஃபிராங்ஃபர்ட், வேறு வழி இல்லாத நிலையிலும் ஒருவர் தம் செயலுக்குப் பொறுப்பாக இருக்கக்கூடும் என்று வாதிட்டார். வேறு வழி இல்லாமை அவருடைய செயலுக்குக் காரணமாக இல்லாதபோது, அது அவருக்குத் தக்க சமாதானமும் ஆகாது என்பது அவ்வாதத்தின் மையம்.

கலிபோர்னியன் நிகழ்வை இவ்வொளியில் காணின் சிக்கல் தெளிகின்றது. அக்கப்பல் அசையாது நின்றதற்குக் காரணம், சென்றாலும் பயனில்லை என்ற கணக்கு அன்று. அத்தகைய கணக்கை அன்றிரவு எவரும் போடவில்லை. பயனில்லை என்பது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, கடலடியில் கிடந்த சிதைவைக் கண்ட பின்னரே கூறப்பட்டது. அந்த ‘இயலாது’ என்னும் சொல் 1500 பேரின் இறப்பைப் பற்றிய உண்மையாகலாம். கலிபோர்னியன் புறப்படாமைக்கு அது விளக்கம் ஆகாது. பூட்டிய கதவை ஒருமுறையேனும் தள்ளிப் பார்த்தவரே கதவு பூட்டியிருந்தது என்று சமாதானம் கூறத்தக்கவர்.

இதனைக் கார்ப்பேதியா கப்பலோடு ஒப்பிட்டுக் காண்பது தகும். தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரன் அபாய அழைப்பைப் பெற்றதும் ஏறத்தாழ 58 மைல் தொலைவிலிருந்து பனிப்பாறைகளினூடே விரைந்தார். அவரும் டைட்டானிக் மூழ்கிய பின்னரே, 4 மணி அளவில் சென்று சேர்ந்தார். மூழ்குமுன் சேர்ந்து எவரையும் மீட்க அவராலும் இயலவில்லை. எனினும் படகுகளில் இருந்த ஏறத்தாழ 700 பேரை அவர் ஏற்றினார். உரிய நேரத்தில் சேர இயலாமை என்பது இரு தலைவர்களுக்கும் பொதுவாகலாம். அவர்களை வேறுபடுத்துவது முற்பட்டமையும் முற்படாமையுமே.

இங்கே ‘நீடண்ட் ஹேவ்’ என்னும் வடிவம் ஒரு சோதனைக் கல்லாகப் பயன்படும். ஒருவர் ஒன்றைச் செய்தார், ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை என்பதே அதன் பொருள். கலிபோர்னியன் உடனே புறப்பட்டுச் சென்று, காலங்கடந்து சேர்ந்து, ஒருவரையும் மீட்காமல் திரும்பியிருந்தால், அது சென்றிருக்க வேண்டியதில்லை என்று எவரேனும் கூறியிருப்பரா? பயண நேரத்தைக் கணக்கிடுவோர் கூறலாம்; அறத்தை எண்ணுவோர் கூறார். பயனற்றுப்போன முயற்சியைத் தேவையற்ற முயற்சி என்று கூற நாவெழாமையே, கடமை விளைவைச் சார்ந்து நிற்பதில்லை என்பதற்குச் சான்றாகும்.

எல்லைகளும் எதிர்வாதமும்

முயற்சியே கடமை எனின், ‘செய்திருக்க வேண்டும்’ என்னும் பழிக்கு எல்லையே இராதே என்னும் எதிர்வாதம் எழலாம். பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லாக் குறிகளும் தெளிவாகவே தோன்றும். அரைத்தூக்கத்தில் குழாய் வழியே கேட்ட செய்தியை, பின்னாளில் பகல் வெளிச்சத்தில் விசாரணை மன்றத்தில் அமர்ந்து எடைபோடுவது எளிது. தம் கப்பலையும் அதிலுள்ளோரையும் பனியின் இடருக்கு உட்படுத்தாது காப்பதும் தலைவரின் கடனே. இவ்வாதத்தைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது.

எனவே ‘ஷுட் ஹேவ்’ என்று கூறுவதற்கு மூன்று வரையறைகள் தேவை. முதலாவது, உதவி வேண்டப்படுகிறது என்பதற்கான குறி அப்போதே கண்ணிற்பட்டிருத்தல். இரண்டாவது, அக்குறியின் பொருளை அறிவதற்கான வழி கைக்கெட்டும் தொலைவில் இருந்திருத்தல். மூன்றாவது, முதல் அடியை எடுத்துவைப்பதற்கான இழப்பு தாங்கக்கூடியதாக இருத்தல். பயனில்லை என்று முன்னரே தெளிவாக அறிந்த நிலையில் முயற்சிக் கடமை நீங்கும். அவ்வாறு அறியாத நிலையில், பின்னர் வெளிப்படும் பயனின்மை அதனை நீக்காது.

கலிபோர்னியனின் பொருட்டு இவ்வரையறைகளைப் பொருத்தினால், கப்பலைச் செலுத்தியிருக்க வேண்டுமா என்பதைவிடத் தந்தியாளரை எழுப்பியிருக்க வேண்டுமா என்பதே உறுதியாக விடைபெறும் வினாவாகின்றது. எட்டு வாணங்கள் கண்ணிற்பட்டன. அறியும் வழி சில அடித் தொலைவில் உறங்கியது. எழுப்புவதால் இழப்பு ஏதுமில்லை. ‘அறிந்திருக்கவில்லை’ என்பது ‘அறிந்திருக்க இயலாது’ என்பதாகாது. ‘கேன்’ என்னும் சொல் முற்காலத்தில் அறிதலைக் குறித்தது என்னும் வேர்ப்பொருள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

தமிழ் வடிவங்களின் இருபொருள்நிலை

இவ்வேறுபாடுகளைத் தமிழில் எழுத முற்படுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். ‘சென்றிருக்க வேண்டும்’ என்னும் தொடர் தமிழில் இரு பொருள் தரும். அன்றிரவு காவலதிகாரி, ஒளி மறைந்ததைக் கண்டு, ‘அக்கப்பல் சென்றிருக்க வேண்டும்’ என்று கருதினார். பின்னர் வந்த தீர்ப்பு, ‘கலிபோர்னியன் சென்றிருக்க வேண்டும்’ என்று கருதியது. முன்னது ஊகம், ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ்’ எனப்படும். பின்னது கடமை தவறியமையைச் சுட்டுவது. ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹேவ்’ எனப்படும். முன்னதில் செயல் நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. பின்னதில் செயல் நடவாதது உறுதி. நேர் எதிரான இவ்விரு பொருளையும் தமிழில் ஒரே வடிவம் தாங்குகின்றது. ஆங்கிலத்திலும் ‘ஷுட் ஹேவ்’ சில இடங்களில் எதிர்பார்ப்பைக் குறிக்கும்; எனினும் ‘மஸ்ட் ஹேவ்’ என்பது பழித்தலுக்குப் பயன்படுவதில்லை.

‘காப்பாற்றியிருக்கலாம்’ என்பதும் அத்தகையதே. காப்பாற்றினாரா இல்லையா என்பது தெரியாத நிலையை ஆங்கிலத்தில் ‘மே ஹேவ்’ உணர்த்தும். வாய்ப்பிருந்தும் காப்பாற்றவில்லை என்பதை ‘குட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ என்பன உணர்த்தும். ‘ஆம்’ என்பது சேர்ந்தமைந்த தமிழ் வடிவம் இவை அனைத்துக்கும் பொதுவாக நிற்கின்றது.

இது தமிழின் குறைபாடு அன்று. சூழலும் குரலும் பொருளைத் தெளிவிக்கும் பேச்சில் இப்பொதுமை இடர் தருவதில்லை. ‘போயிருக்க வேண்டாமா’ என்று வினவும்போது கடமையும், ‘போயிருக்க வேண்டும் போல’ என்னும்போது ஊகமும் தெளிவாகின்றன. குரலற்ற எழுத்தில், அதிலும் விசாரணை அறிக்கை, தீர்ப்புரை, சாட்சிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றில், சிக்கல் எழுகின்றது. ஊகமாகச் சொல்லப்பட்டது குற்றச்சாட்டாகவும், குற்றச்சாட்டு ஊகமாகவும் மாறிவிடக்கூடும். ஒருவரின் நற்பெயர் ஒரு துணைவினையின் மொழிபெயர்ப்பைச் சார்ந்து நிற்கும் நிலை இது.

இதனைத் தவிர்க்கத் தமிழிலேயே வழிகள் உள்ளன. ஊகத்தைச் ‘சென்றுவிட்டது போலும்’, ‘சென்றிருப்பதாகவே தோன்றுகிறது’ என்றும், கடமைத் தவற்றைச் ‘செல்ல வேண்டியிருந்தும் செல்லவில்லை’ என்றும் எழுதலாம். அறியாநிலையைக் ‘காப்பாற்றியிருக்கவும் கூடும்’ என்றும், பயன்படாத இயலுமையைக் ‘காப்பாற்ற முடிந்திருந்தும் காப்பாற்றவில்லை’ என்றும் பிரித்துரைக்கலாம். மேற்குறித்தவாறு ‘முடியும்’ என்பது நிறைவைச் சுட்டுவதால், முயற்சியை மட்டும் பேசுமிடத்து ‘முயன்றிருக்க வேண்டும்’ என்று வெளிப்படையாக எழுதுவதே தக்கது.

தமிழ் மரபில் நிபந்தனையும் இரங்கலும்

நிபந்தனையின் பின்னே பொறுப்பு மறைய முடியுமா என்னும் வினாவுக்குச் சிலப்பதிகாரம் ஒரு விடை தருகின்றது. பாண்டியன் நெடுஞ்செழியன் இட்ட ஆணை நிபந்தனை உடையது. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் என்பதே அதன் முற்பகுதி. கோவலன் கையில் இருந்தது அச்சிலம்பு அன்று. எனவே தன் ஆணை முறையானதே, அதனை நிறைவேற்றியோர் பிழைத்தனர் என்று வேந்தன் வாதிட்டிருக்கலாம். அவன் அவ்வாறு வாதிடவில்லை. சிலம்பினுள் இருந்து மாணிக்கம் தெறித்தவுடன் தன்னையே கள்வன் என்று கூறி உயிர்நீத்தான். அவைக்களத்தில் நொடிப்பொழுதில் முடிந்த அச்சோதனை முன்னரே நடத்தப்பட்டிருக்கலாம் என்பதே அவன் ஏற்ற பழி. அறியும் வழி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நாடப்படாமை என்னும் கூறு, உறங்கிய தந்தியாளரின் நிகழ்வோடு ஒத்துள்ளது.

கழிவிரக்கம் பற்றித் திருக்குறளின் 655 ஆம் பாடல் பேசுகின்றது. பின்னர் இரங்க நேரும் செயலைச் செய்யற்க என்பது அதன் முற்பகுதி. பிற்பகுதிக்கு இரு வகையாக உரை காணப்படுகின்றது. தவறிச் செய்துவிட்டால் மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாமை நன்று என்பது ஒன்று. செய்துவிட்டால் பின்னிருந்து இரங்காமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். முன்னது ‘செய்திருக்க வேண்டும்’ என்னும் எண்ணத்தை எதிர்காலத்துக்கான பாடமாக்குகின்றது. பின்னது அவ்வெண்ணத்திலேயே தேங்கி நிற்பதன் பயனின்மையைச் சுட்டுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இரங்கல் செயலாக மாறும்போதுதான் கடந்தகாலக் கடப்பாட்டுக்கு நிகழ்காலத்தில் பொருள் உண்டாகின்றது.

டைட்டானிக் நிகழ்வுக்குப் பின் 1914 இல் இலண்டனில் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. கம்பியில்லாத் தந்திக்கு இடைவிடாத காவற்பணி பற்றிய விதிகள் அதில் இடம்பெற்றன. ‘எழுப்பியிருக்க வேண்டும்’ என்னும் இரங்கல், ‘எவரேனும் விழித்திருத்தல் வேண்டும்’ என்னும் விதியாயிற்று. ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷல்’ என்பதாக மாறியது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஆங்கிலத்தின் உயர்நிலைப் பாங்குத் துணைவினைகள், நிகழாத செயல்களைப் பற்றிய கடமை, இயலுமை, ஊகம், தேவையின்மை ஆகியவற்றைத் தனித்தனி வடிவங்களால் பிரித்துக் காட்ட உதவுகின்றன. இப்பிரிவுகள் அறப்பொறுப்பைப் பற்றிய சிந்தனைக்கு இன்றியமையாதவை.

2. கடமை உண்டு எனில் இயலுமையும் உண்டு என்னும் கொள்கை ஏற்கத்தக்கதே. ஆயின் அவ்வியலுமை முயற்சிக்கு உரியது; வெற்றிக்கு உரியதன்று. எனவே ‘காப்பாற்றியிருக்க இயலாது’ என்பதும் ‘முயன்றிருக்க வேண்டும்’ என்பதும் ஒருங்கே உண்மையாகலாம்.

3. செயலற்றிருந்தமைக்குக் காரணமாக இராத இயலாமை, பின்னாளில் கண்டறியப்பட்டாலும் அச்செயலின்மைக்குச் சமாதானம் ஆகாது. அதேபோல, குறியும் அறியும் வழியும் இல்லாதிருந்த நிலையில், பின்னாளில் பெற்ற அறிவைக்கொண்டு ஒருவரைப் பழித்தலும் தகாது.

4. தமிழில் ‘செய்திருக்க வேண்டும்’, ‘செய்திருக்கலாம்’ ஆகியவை ஊகத்தையும் கடமையையும், அறியாநிலையையும் இழந்த வாய்ப்பையும் பொதுவாகக் குறிப்பதால், பிறர் பொறுப்பைப் பற்றி எழுதுமிடத்தும் மொழிபெயர்க்குமிடத்தும் விரித்துரைக்கும் தொடர்களைக் கையாளுதல் வேண்டும். ஒருவரைக் குற்றவாளி என்பதா, அவரைப் பற்றி ஊகிப்பதா என்பதை எழுதுபவரே தெளிவுபடுத்த வேண்டும். படிப்பவரின் விருப்பத்துக்கு அதனை விட்டுவிடுதல் முறையாகாது.